பாஸ்போர்ட்டுக்குப் பிறகு கட்டிய தாலி

போன மாதம் இளம் வக்கீல்களான உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேடம், நீங்க பன்னாட்டுச் சட்டத்துல மேற்படிப்பு படிச்சவங்களாமே. நம்ம ஊட்டி கோர்ட்டுல அதை வெச்சு என்னங்க பண்ணுனீங்க?" கேட்டதில் கிண்டல் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள்தான் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின், அதற்கு ஒழுங்கான பதில் ஒன்று என்னிடம் இருப்பது நினைவுக்கு வந்தது.

முப்பத்து நான்கு வருடம் இந்த மலையில் வக்கீலாக இருந்தேன். வேலித் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், காட்டுமாடு இடித்த சுவருக்கு யார் பொறுப்பு என்கிற சண்டை எல்லாம் பார்த்தேன். நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்டுப் படித்த படிப்பு ஒரே ஒரு வழக்கில்தான் தேவைப்பட்டது. அந்த வழக்கு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தபோது எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை. ஜெயித்த வழக்குதான். ஆனால் நான் ஜெயித்துக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

மாரியாயி பிக்கட்டிப் பக்கத்திலிருந்து வந்தார். அறுபத்தெட்டு வயது. கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன. சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு யார் எந்த நாட்டுக்காரர் என்று பங்கு பிரித்த காலத்தில், கணவர் ராமையாவுடன் கப்பலேறி இங்கே வந்தவர். ராமையா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குழந்தைகள் இல்லை. ராமையா பெயரில் ஒரு ஓட்டு வீடும் அரை ஏக்கர் தேயிலையும் இருந்தன. மாரியாயி தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டிருக்கிறார். ராமையாவின் தம்பி தங்கராசு ஆட்சேபம் எழுதிக் கொடுத்ததால், கோர்ட்டில் தீர்ப்பு வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள்.

"என்ன ஆட்சேபம்?" என்று கேட்டேன்.

"நான் அவருக்குப் பொண்டாட்டி இல்லையாம்."

"இல்லையென்றால் என்னவாம்?"

"அக்கா மகளாம்." நான் கேட்காமலே அவர் சொன்னார். "அக்கா மகதாம்மா. எங்கம்மா கூடப்பொறந்த தம்பிதான் அவரு. மாமனைத்தான் கட்டினேன்."

இதில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தாய்மாமனைக் கட்டுவது நம் பக்கத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று சொல்கிற இந்துத் திருமணச் சட்டமே, வழக்கம் இருந்தால் செல்லும் என்று விலக்குக் கொடுத்திருக்கிறது. தங்கராசும் மாரியாயிக்குத் தாய்மாமன்தான். வீட்டுக்குள் நடக்கிற சொத்துச் சண்டை, இரண்டு வாய்தாவில் முடியும் என்று நினைத்தேன். இன்ன தோட்டத்தில், இன்ன கோயிலில், இந்து முறைப்படி திருமணம் நடந்தது, நான் அவருடைய மனைவி, நானே வாரிசு என்று மாரியாயி சார்பில் வழக்குரை எழுதித் தாக்கல் செய்தேன். கூடவே இரண்டு பேருடைய பழைய பாஸ்போர்ட்டுகளையும், இங்கே வந்து இறங்கியபோது கொடுத்த குடும்ப அட்டையையும் சேர்த்தேன். ஆள் அடையாளத்துக்காக, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பின் பதிலுரை வந்த நாளில்தான் நான் செய்த முதல் தவறு எனக்குத் தெரிந்தது. இதை நான் மறைக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல உழைப்பாளி. என்னைப் போல மேற்படிப்பெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் ஒரு வேலை செய்திருந்தார். திருமணம் நடந்த நாட்டின் சட்டத்தை எடுத்துப் படித்திருந்தார். அந்த நாட்டுத் திருமணச் சட்டத்தில், ஒருவன் தன் சகோதரியின் மகளை மணந்தால் அது செல்லாது. வழக்கம் கிழக்கம் என்று எந்த விலக்கும் இல்லை. அப்படிச் சேர்ந்து வாழ்வது குற்றமும்கூட. திருமணம் அங்கேதான் நடந்தது என்று நானே முத்திரை வில்லை ஒட்டிச் சொல்லியிருக்கிறேன். ஆகவே அது பிறக்கும்போதே செத்த திருமணம், மாரியாயி வெறும் அக்கா மகள், அக்கா மகளுக்கு வாரிசு வரிசையில் உடன்பிறந்த தம்பிக்குப் பின்னால்தான் இடம் என்று எழுதியிருந்தார்.

கல்லூரியில் நான் தேர்வெழுதி முதல் மதிப்பெண் வாங்கிய பாடம் இது. ஒரு நாட்டில் நடந்த திருமணத்தை இன்னொரு நாட்டு நீதிமன்றம் எந்தச் சட்டத்தை வைத்து அளக்கும்? தாள் தாளாக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி நாடு நாடாகப் பயணம் போகிற ஐரோப்பியப் பிரபுக்களுக்கும் கப்பல் முதலாளிகளுக்கும் வருகிற கேள்வி என்று எங்கோ மனதில் ஒதுங்கிக் கிடந்தது. பிக்கட்டியிலிருந்து மினி பஸ்ஸில் வந்து இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு அந்தச் சட்டத்தின் பிரதியை நீட்டியது. நீதிபதி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னங்க மேடம், இந்தச் சட்டம் அங்க இருக்குன்னு ஒத்துக்கறீங்களா, மறுக்கறீங்களா?"

அப்போது என்னிடம் ஜூனியராக இருந்தவர் தேவாலாக்காரர். கெட்டிக்காரர். பின்னாலிருந்து மெல்லச் சொன்னார். "மறுத்தா மதி, அது போதும் மேடம். வெளிநாட்டுச் சட்டத்தை அவங்கதான் சாட்சி வெச்சு நிரூபிக்கணும். வெறும் பிரிண்ட் எடுத்து நீட்டினா போராது."

அவர் சொன்னது முழுக்கச் சரி. வேற்று நாட்டுச் சட்டம் நம் நீதிமன்றத்துக்கு ஒரு சம்பவம் மாதிரி. யாராவது தெரிந்தவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். மறுத்திருந்தால் எதிர்த்தரப்பு அந்த நாட்டிலிருந்து ஒரு வக்கீலைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு வருடம் போகும், இரண்டு வருடம்கூடப் போகும். கிடைக்காமலே போனாலும் போகலாம்.

நான் யோசிப்பதற்கு இருந்த நேரம், நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போடுகிற நேரம். எனக்குத் தோன்றியது இது. இரண்டு வருடம் காத்திருக்கத் தங்கராசின் மகனால் முடியும். அந்த அரை ஏக்கரில் சுற்றுலாக்காரர்களுக்கு காட்டேஜ் கட்டத் திட்டம் வைத்திருந்தான், அவசரமில்லாத ஆள். மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நிற்கிற மாரியாயியால் முடியாது. அதோடு, அந்தச் சட்டம் உண்மையாகவே இருந்தது. முந்தைய ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நானே படித்துப் பார்த்திருந்தேன். இல்லாததுபோல நடித்து ஜெயித்தால், மேல்முறையீட்டில் ஒரே நாளில் கவிழும்.

"ஒத்துக்கொள்கிறோம்" என்றேன். "ஆனால் அந்தச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது."

"ஏன்?"

"சாட்சியத்தில் காட்டுகிறோம்."

அதைக் காட்டுவதற்கு என் கையில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. ஜூனியர் சேரிங் கிராஸ் சந்திப்பு வரும்வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அப்படித்தான் நடந்திருப்பேன்.

விஷயத்தை எளிமையாகச் சொல்கிறேன். ஒருவர் யாரை மணக்கலாம், யாரை மணக்கக்கூடாது என்பதை, தாலி கட்டின இடத்தின் சட்டம் தீர்மானிப்பதில்லை. எந்த நாட்டைத் தன் நிலையான ஊராக அவர் கொண்டிருக்கிறாரோ அந்த நாட்டின் சட்டம் தீர்மானிக்கிறது. சடங்கு சரியாக நடந்ததா என்பதற்கு மட்டும்தான் இடத்தின் சட்டம். ஆகவே கேள்வி ஒன்றுதான்: தாலி கட்டின அன்று மாரியாயியும் ராமையாவும் எந்த நாட்டுக்காரர்கள்? அங்கே பிறந்தவர்கள், அங்கேயே வளர்ந்தவர்கள், அதுவரை இந்த மண்ணை மிதிக்காதவர்கள். இதற்கு நான் என்ன சொல்வது?

பிக்கட்டிக்குப் போனேன். வீட்டு வாசலில் உட்காரவைத்து, சாயம் எடுத்த வெறும் தேத்தண்ணி கொடுத்தார் மாரியாயி. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரும் வந்து நின்றுகொண்டார்.

"கல்யாணத்தைப் பதிவு செய்தீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"ஏன்?"

மாரியாயி தேயிலைப் பக்கம் பார்த்தார். "அப்ப யாரு பதிஞ்சா? லயத்துல கட்டுற கல்யாணத்த யாரு கேட்டா?"

நான் அதைக் குறித்துக்கொண்டேன். அந்தப் பதிலில் ஏதோ இடறுவது எனக்குத் தெரியாமல் இல்லை. இருட்டுவதற்குள் ஊட்டி திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் மேலே கேட்கவில்லை. இது என்னுடைய இரண்டாவது தவறு.

பக்கத்து வீட்டுப் பெண் அவராகவே ஒரு யோசனை சொன்னார். "ஏனுங்க மேடம், கப்பல்ல வந்தவங்களை எல்லாம் மண்டபம் கேம்ப்புலதானுங்க கொஞ்ச நாளு வெச்சிருந்தாங்க. அங்க ஒரு கோயில்ல வெச்சுத்தான் தாலி கட்டுச்சுன்னு சொல்லிப்போட்டா என்னங்க? யாரு பார்த்தா?"

அதே யோசனை வரும் வழியில் என் மனதிலும் வந்து போயிருந்தது. இந்திய மண்ணில் இந்தியச் சட்டப்படி நடந்த கல்யாணம் என்றால் வழக்கே முடிந்துவிடும். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மாரியாயி என்ன சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதுவே போதுமான தவறு.

மாரியாயி அந்தப் பெண்ணுக்கு நிதானமாகப் பதில் சொன்னார். "கப்பலேறுறதுக்கு முந்தியே எங்கம்மா செத்துப்போச்சு. மண்டபத்துல கட்டினேன்னு சொன்னா, எங்கம்மா இல்லாம கட்டினதாவுல்ல ஆயிரும்? எங்கம்மா கைப்பட எடுத்துக் குடுத்த தாலி அது."

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சாட்சி நாளன்று கூண்டில் மாரியாயிக்கு நாற்காலி போடச் சொன்னார் நீதிபதி. மாரியாயி உட்காரவில்லை. என் தரப்பு விசாரணை முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, நான் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"கல்யாணத்தை அங்கே பதிவு செய்தீர்களா?"

"பதிய முடியல."

"முடியலையா, பதியலையா?"

"பதியத்தான் போனோம். ரெஜிஸ்திரார் ஐயா மாட்டேன்னுட்டாரு."

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எனக்கே புதுச் செய்தி.

"ஏன் மாட்டேன் என்றார்?"

"அக்கா மகளைக் கட்ட இங்க சட்டமில்ல, கட்டிக்கிட்டு ஒண்ணா இருந்தா ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ள போடுவாங்கன்னு சொன்னாரு. எங்கம்மா அழுதுச்சு. திரும்பி வந்துட்டோம்."

கோர்ட்டில் மின்விசிறி கிடையாது, நம் ஊருக்குத் தேவையில்லை. அதனால் அமைதி என்றால் முழு அமைதி. சட்டவிரோதம் என்று அன்றைக்கே தெரியும் என்பதை என் கட்சிக்காரர் கூண்டில் நின்று ஒத்துக்கொண்டுவிட்டார். ஜூனியர் என் கோட்டு நுனியை இழுத்தார். எழுந்து ஏதாவது ஆட்சேபம் சொல்லி, பேச்சை முறித்து, சாட்சிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நேரம் கேட்கலாம். எல்லாரும் செய்வதுதான். நான் பாதி எழுந்தும் விட்டேன்.

மாரியாயியின் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இல்லை. சொல்ல ஆரம்பித்ததைச் சொல்லி முடிக்க நினைக்கிற முகம். இந்த மனுஷி மண்டபத்துப் பொய்யை வேண்டாம் என்றவர். என்னிடம் மறைத்ததை இப்போது எதிரியிடம் சொல்கிறார் என்றால், சத்தியம் செய்தபின் கேட்டதால் சொல்கிறார். மிச்சமும் உண்மையாகத்தான் இருக்கும். அது என்னவென்று எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேயே நிறுத்தியிருந்தால் அவருக்கு நல்லது. "தெரிந்தும் ஏன் செய்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார்.

"அப்ப செய்யலங்களே" என்றார் மாரியாயி. "ரெண்டு வருசம் சும்மாதான் இருந்தோம். அவரு அவங்க லயத்துல, நான் எங்க லயத்துல. அப்புறம் கண்டியில கூப்பிட்டு எங்களுக்கு இந்தியா பாஸ்போட்டு குடுத்தாங்க. குடுத்த ஐயா சொன்னாரு, இனிமே நீங்க இந்தியாக்காரங்க, கப்பலுக்கு நாள் வந்ததும் போயிறணும்னு. அன்னைக்கு ராத்திரியே எங்கம்மா அவரைக் கூப்பிட்டுச் சொல்லிச்சு. இனி நம்ம இந்த நாட்டு ஆளு இல்ல, இந்த நாட்டுச் சட்டம் நம்மள ஒண்ணும் கேக்க முடியாது, போற ஊருல மாமனைக் கட்டலாம், அதனால இப்பக் கட்டலாம்னு. அடுத்த மாசம் கோயில்ல தாலி கட்டினாரு. பாஸ்போட்டுக்கு அப்புறம்தான் தாலி. அதுக்கு முந்தி அவரு என்னத் தொட்டதில்ல."

நீதிபதி குனிந்து அதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் போகாத, கொழுந்துக் கூடை சுமந்த மாரியாயியின் அம்மா, யாரும் சொல்லிக்கொடுக்காமல், லயத்து அறையில் நின்று எடுத்த முடிவு அது. நான் ஒரு பருவம் முழுக்கப் படித்து எழுதிய விதியைத்தான் அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லி, அதன்படி மகளுக்குக் கல்யாணமும் செய்து வைத்திருக்கிறார்.

மீதி இருந்தது நிரூபணம். அது என் கோப்பிலேயே, நான் ஆள் அடையாளத்துக்கென்று சேர்த்த காகிதங்களிலேயே இருந்தது. மறுவிசாரணையில் மாரியாயியின் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அதில் அவர் இன்னாருடைய மகள், மணமாகாதவர். ராமையாவின் பாஸ்போர்ட்டிலும் மணமாகாதவர் என்றே இருந்தது. பத்து மாதம் கழித்து இங்கே வந்து இறங்கியபோது கொடுத்த குடும்ப அட்டையில் இருவரும் கணவன் மனைவி. நடுவில் உள்ள பத்து மாதத்தில்தான் கல்யாணம். அந்தத் தேதிகளை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். வரிசைப்படுத்திப் பார்த்ததில்லை.

தங்கராசு கூண்டேறியபோது அவரிடம் நான் அதிகம் கேட்கவில்லை.

"கல்யாணத்தில் இருந்தீர்களா?"

"இருந்தேனுங்க. எனக்கு அப்ப இருவது வயசு. பந்தல் போட்டதே நாந்தானுங்க."

"அதற்கு முன்னால் மாரியாயியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"அக்கா புள்ளைங்க. புள்ளைன்னுதான் கூப்பிடுவேன்."

"அதற்குப் பிறகு?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். அவருடைய மகன் பின்வரிசையில் இருந்தான், அவனையும் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மதினிம்பேனுங்க" என்றார்.

"இப்போதும்?"

"இப்பவும் அப்படித்தானுங்க வருது."

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. அங்கே பிறந்ததாலேயே அவர்கள் அந்த நாட்டுக்காரர் ஆகிவிட மாட்டார்கள். அந்த நாடு அவர்களைத் தன் மக்களாக ஏற்றதில்லை. தாலி கட்டின அன்று அவர்கள் இந்தியக் குடிமக்கள், இந்தியாவுக்குப் புறப்பட முடிவு செய்துவிட்டு நாளுக்காகக் காத்திருந்தவர்கள். அவர்கள் முன்னோரின் ஊர் இதுவே. ஆகவே யாரை மணக்கலாம் என்பதற்கு இந்தியச் சட்டமும் அவர்கள் வழக்கமுமே பொருந்தும். நீதிபதி அதை இன்னும் நீளமாக, இன்னும் நன்றாக எழுதியிருந்தார். மகன் வற்புறுத்தியும் தங்கராசு மேல்முறையீட்டுக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கடல் தாண்டி ஏதாவது நடந்திருக்கிறது என்று கட்சிக்காரர் சொன்னால், அந்த நாட்டுச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு பேனாவைத் திறங்கள். கல்யாணம், தத்து, உயில் எதுவாக இருந்தாலும் சரி. கூடலூரில் இருந்து வளைகுடாவுக்குப் போகாத குடும்பம் இன்றைக்கு எது? இது முதலாவது. இரண்டாவது இதைவிட முக்கியம். அன்றைக்கு எந்தச் சட்டம் தங்களை ஆள்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். நாம் சட்டப் புத்தகத்தைக் கேட்கிறோம், எதிரியைக் கேட்கிறோம், அவர்களைக் கேட்பதில்லை. நான் பிக்கட்டியில் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கூண்டில் அவர் அப்படி நிற்க வேண்டி வந்திருக்காது. ஊகத்தில்தான் உட்கார்ந்தேன் அன்றைக்கு. ஊகம் பலித்தது. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

தீர்ப்பு நகல் வாங்க வந்த அன்று மாரியாயி உடனே கிளம்பவில்லை. ஜூனியர் வெளியே போகும்வரை இருந்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஊருல இப்ப நான் யாரும்மா?"

புரியவில்லை என்றேன்.

"இங்க பொண்டாட்டின்னு எழுதிட்டாங்க. அங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "அங்கே ஒரு வழக்கு வந்தால், அந்த நீதிமன்றம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது" என்றேன்.

"பிடிப்பாங்களா?"

அப்போதுதான் விளங்கியது. ரெஜிஸ்திரார் அன்றைக்குச் சொன்ன வார்த்தையை இந்த மனுஷி ஐம்பது வருடமாகக் கூடவே வைத்திருந்திருக்கிறார். கண்டி, அட்டன் என்று சொந்தக்காரர்கள் போய் வந்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி நின்றிருக்கிறார். ராமையாவையும் போக விட்டதில்லை. என்னிடம் பதிவைப் பற்றி மறைத்ததும் இதனால்தான். யாரும் பிடிக்க மாட்டார்கள், அவர்களுக்கு உங்களைத் தெரியவே தெரியாது என்றேன். "எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். ஒரு தாளில், என் முத்திரை வைத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளுக்கு எந்த நாட்டிலும் சட்ட மதிப்புக் கிடையாது. என் தொழிலில் நான் எழுதிய அப்படிப்பட்ட காகிதம் அது ஒன்றுதான்.

பாஸ்போர்ட் வாங்கி, உறவுக்காரர் ஒருவர் துணையோடு, அடுத்த மாசியில் போய் வந்தார். திரும்பி வந்ததும் ஊட்டிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். அவர் பிறந்த லயம் இப்போது இல்லையாம். அம்மாவைப் புதைத்த மேட்டில் தேயிலை நட்டுவிட்டார்களாம்.

"எந்த எடம்னு அடையாளம் தெரியலம்மா. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். அப்புறம் அந்த மலை முழுசையும் பொதுவாக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.